ஆறாவது தடை

தனியாகக் கடலுக்குப் போன மீனவர் சந்தித்த தடைகள் யாவை என்பது நாவல் பாடத்தில் ஐந்து மார்க் கேள்வி. சுறா, பசி, முதுமை என்று ஐந்து தடைகளை எழுதிவிட்டு மகள் பென்சில் சீவினாள். அந்த மரவாசனை என்னைத் திருவொற்றியூர் குப்பத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அன்று என் அப்பா, நைனா, கட்டுமரத்தில் தனியாகப் போயிருந்தார். துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பலின் நிழலில் மீன் சேரும். எங்கள் ஆட்கள் அதன் நங்கூரச் சங்கிலியில் கட்டுமரத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தூண்டில் போடுவார்கள். நங்கூரம் மேலே ஏறினால் கயிற்றை உடனே அறுத்துவிட வேண்டும்.

காலை பத்து மணிக்கு அந்தக் கப்பல் நகர்ந்தது. நைனாவைக் காணோம்.

"பேஜாராவாத தங்கச்சி, தூண்டில் பையில கத்தி கீது. அறுத்துகினு வந்துடுவாரு," என்றார் மாமா, அம்மாவிடம்.

கத்தி என் பள்ளிக்கூடப் பையில் இருந்தது. பென்சில் சீவ முந்தின நாள் எடுத்திருந்தேன். வீட்டுக்கு ஓடி, அந்தப் பையைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

மூன்று மணிக்கு நைனா ஒற்றைக் கட்டையைப் பிடித்து நீந்தி வந்தார். கப்பல் இழுத்த இழுப்பில் கட்டுமரம் சிதறிவிட்டது.

"கத்தி இன்னா ஆச்சு?" என்றாள் அம்மா.

"தண்ணில வுயுந்துடுச்சிமே," என்றார், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் என் பையில் கத்தி இல்லை. அந்த இடத்தில், காகிதத்தில் மடித்த பாதி பிளேடு இருந்தது.

"அஞ்சு தடை போதுமாப்பா?" என்றாள் மகள்.

போதும் என்றேன். ஆறாவதை எழுதினால் என் பெயரைப் போட வேண்டியிருக்கும்.