சீரியல் செட்டுக்குப் பிடுங்கிய பிளக்

சிவப்பும் பச்சையுமாக மினுக்கிய அந்த சீரியல் செட் விளக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கப்பலூரில் ரப்பர் சாமான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். சரக்கு, ஆர்டர், ஆள் வருகை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே டேட்டாபேஸ் ஃபைலில் கிடந்தன. பொங்கலுக்குள் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தோம்.

ஆயுத பூஜையன்று காலையில் அவசர ஆர்டர் ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தேன். யு.பி.எஸ். ரிப்பேருக்குப் போயிருந்தது. மேனேஜர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து மானிட்டருக்குப் பட்டை போட்டார், கீபோர்டுக்குப் பொட்டு வைத்தார். சாமி படத்துக்கு சீரியல் செட் போட வேறு பிளக் பாயின்ட் இல்லை. "சார், ஃபைல் திறந்திருக்கு, மூடிட்டுத் தாரேன்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. "இன்னைக்கு அதுக்கும் லீவுதாம்மா" என்று சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்று வேறு சொல்லிவிட்டார்.

மறுநாள் ஃபைல் திறக்கவில்லை. மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. "எப்டியாச்சும் எடுத்துக் குடுத்துரும்மா. பிளக்கைப் பிடுங்குனது நாந்தான்னு முதலாளிகிட்ட நானே சொல்லிர்றேன்" என்றார். நம்பினேன், மடச்சி! உடைந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் கைவைத்தேன். ரிப்பேர் கட்டளை கொடுத்ததும் திறந்தது. ஆனால் ஆர்டர் பட்டியல் மட்டும் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. புதிதாக ஒரு காலி ஃபைல் போட்டு, கெட்டுப்போன வரிக்கு மேலே உள்ளதைத் தனியாகவும் கீழே உள்ளதைத் தனியாகவும் அதற்குள் இழுத்தேன். கெட்டது அந்த அவசர ஆர்டர்தான். அதைத் திரும்ப அடித்துச் சேர்த்தேன். சாயங்காலம் எல்லாம் சரியாக வந்து நின்றபோது, அப்பாடா, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேனேஜர் முதலாளி அறைக்குப் போனார். கதவு பாதி திறந்திருந்ததால் பேச்சு வெளியே கேட்டது. "ஃபைலை மீட்டாச்சு சார். ஆனா அந்தப் புள்ளைக்குப் பொறுப்பு பத்தாது. பூஜை நேரத்துல ஃபைலை மூடாமப் போட்டு வச்சிருக்கு." நான் உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். "தப்பு பண்ணிட்டு, வயசுல பெரியவரைப் போட்டுக் குடுக்குறியா?" என்றார் முதலாளி. அந்த மாதத்தோடு என்னை நிறுத்தினார்கள். தம்பி படிப்பை விட்டுவிட்டு அவனியாபுரத்தில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனான். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் மேனேஜர் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். நன்றாகத் தளர்ந்திருந்தார். "அட, நீயாம்மா! ஏம்மா அப்டிப் பாதியிலயே நின்னுட்ட? இருந்திருந்தா அப்பவே பெர்மனன்ட் ஆக்கிருப்போம்ல" என்றார். மறந்துவிட்டாரா, நடிக்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"நானா நிக்கல சார், நீங்கதான் நிறுத்துனீங்க. என் தம்பி இன்னமும் பட்டறையிலதான் கெடக்கான்" என்றேன்.

அவர் பரிமாறுகிறவரைக் கை காட்டிக் கூப்பிட்டார். "இங்கிட்டு பாயசம் கொண்டாங்கண்ணே. இந்தம்மாவுக்கும் ஊத்துங்க."