பல்லிகளுக்கு ஒற்றுமை போதித்தவள்

பல்லி விற்றுப் பிழைக்கிறேன் என்று நம்மவரிடம் சொல்வதற்கு மரியாதையான வழி எதுவும் தமிழில் இல்லை. ஒஸ்லோவின் கிழக்கே ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், செல்லப்பிராணிக் கடையொன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்பதற்கு நோர்வேயில் நெடுங்காலம் இருந்த தடை தளர்ந்ததும், முயல்களுக்கும் மீன்களுக்கும் நடுவே சிறுத்தைப் பல்லிகளும் வந்து சேர்ந்தன. மஞ்சள் உடல், கரும்புள்ளிகள், தடித்த வால், எந்நேரமும் புன்னகைப்பதுபோன்ற வாய். அந்தப் புன்னகையை நம்பிக் கெட்டவள் நான். விற்பனை மேசைக்குப் பின்னால் நின்று, வாடிக்கையாளர் சொல்வதும் சரிதானே என்று ஒருமுறையேனும் தலையாட்டிவிட்டுப் பின்னர் வருந்திய அன்பர்களே, உங்களுக்கு என் துயரம் புரியும்.

தகுதி

எங்கள் பொறுப்பாளர் மாரித் நேர்மையான நோர்வேஜியப் பெண்மணி. பல்லிப் பிரிவை யார் ஏற்கிறீர்கள் என்று அவர் ஊழியர்களைக் கூட்டிக் கேட்டபோது, எல்லோரும் தத்தம் காலணிகளைப் பார்த்தார்கள். மாரித் என்னைப் பார்த்தார். "இலங்கையில் உங்கள் வீட்டுச் சுவரில் பல்லிகள் இருந்திருக்குமே?" என்றார்.

இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், உண்மையை மறைப்பது பாவம் என்று கருதுபவளாகையால், அவற்றோடு எனக்கிருந்த உறவு விளக்குமாற்றின் நீளத்தைத் தாண்டியதில்லை என்பதையும் விளக்கினேன். விளக்கம் போதாதோ என்று, இல்லாத விளக்குமாறு ஒன்றை எடுத்து இல்லாத சுவரில் நான்கு முறை விளாசியும் காட்டினேன். மாரித் மிகுந்த கவனத்தோடு பார்த்திருந்தார். பிறகு குறிப்பேட்டில் என் பெயரை எழுதியபடியே சொன்னார்: "நல்லது. அனுபவம் உண்டு."

சொல்லாத பல்லி

ஹொல்ம்லியாவிலிருந்து தொடருந்தில் வந்திறங்கினார் சிவபாதம் அண்ணர். சங்கமொன்றின் தலைவர், குடும்பப் பிணக்குகளைத் தீர்த்து வைப்பதில் பேர் பெற்றவர். தம் மகனுக்கு வந்திருந்த சம்பந்தத்தை ஏற்பதா விடுவதா என்று அவருக்குக் குழப்பம். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பல்லி சொல்லாத நாட்டில் வாழ்ந்து களைத்துவிட்டதாகவும், இப்போது பல்லி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் பலன் கேட்க வந்ததாகவும் கூறினார்.

இந்தப் பல்லி சுவரில் ஏறாது, 'இச் இச்' என்றும் சொல்லாது என்று எச்சரித்தேன். அவர் கேட்கவில்லை. எது கிழக்கு என்று என்னிடம் கேட்டு, அதற்கேற்ப நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் காத்திருந்தார். பின்னால் முயல் உணவு வாங்க வந்த இருவர், ஏதோ வரிசை என்று எண்ணி அவருக்குப் பின்னால் ஒழுங்காக நின்றனர். கடைசியில் பல்லி ஒரு கண்ணை மெல்ல மூடித் திறந்தது. சிவபாதம் அண்ணர் பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினார்: "ஓம் எண்டு சொல்லிப்போட்டுது. நீயும் பாத்தனிதானே பிள்ளை, பிறகு சாட்சிக்கு வேணும்."

ஒரே கூரை

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். எல்லிங்ஸ்ருட்டில் பாலா, சுதன் என்ற அண்ணன் தம்பி இருவர், மேல்மாடியில் ஒரு குடும்பமும் கீழ்மாடியில் ஒரு குடும்பமுமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். பிரியாத சகோதரர்கள் என்று கோயிலில் அவர்களைச் சுட்டிக்காட்டிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வோர் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். பாலாவின் மகளுக்கு ஒன்று, சுதனின் மகனுக்கு ஒன்று என்று இரண்டு குட்டிப் பல்லிகளை அவர்கள் தெரிவு செய்தார்கள். பாலாவின் மகள் தன்னுடையதற்குத் தனக்குப் பிடித்த மெக்சிகோ உணவின் பெயரால் டாக்கோ என்றும், சுதனின் மகன் தன்னுடையதற்குப் புட்டு என்றும் அங்கேயே பெயர் வைத்தார்கள். ஆணா பெண்ணா என்று எவராலும் சொல்ல முடியாத இளம்பருவம்.

இரண்டு தொட்டிகள் வேண்டும் என்றேன். ஒரு தொட்டிக்கு ஒரு பல்லி என்பது மாரித்தின் விதி. இரண்டும் ஆணாக அமைந்துவிட்டால் ஒன்று மற்றதைக் கடித்தே கொல்லும் என்று என்னிடம் மூன்று முறை சொல்லியிருந்தார். பாலாவின் முகம் வாடியது. சுதன் தம் அண்ணனைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். விதியை நிலைநாட்டியிருக்க வேண்டிய அந்தக் கணத்தில் நான் ஒற்றுமையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினேன். "யாருக்கும் பக்கத்தில் நிற்க விரும்பாத நோர்வேஜியர்கூடப் பனிக்காற்று அடித்தால் பேருந்துத் தரிப்பிடக் கூரையின்கீழ் நெருங்கி நிற்கிறார்கள், ஒருவருக்கொருவர் சுவராகிறார்கள். பழக்கினால் எந்த உயிர்தான் பழகாது?" என்று முழங்கிவிட்டுப் பெரிய தொட்டி ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். பாலா என் கைகளைப் பற்றிக்கொண்டார்: "நல்லாச் சொன்னியள் அக்கா. ரெண்டு தொட்டி வைச்சால், பாலாவும் சுதனும் பிரிஞ்சிட்டினம் எண்டு வாற வெள்ளிக்கிடையிலை கோயில் முழுக்கக் கதைச்சு முடிச்சிடுவினம்."

கண்ணாடி

சென்னையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர் ஒருவருக்கு, விதிப்படி ஒரே ஒரு பல்லிதான் விற்றேன். அது தனிமையில் வாடுமே என்று இரங்கி, அவர் தொட்டிக்குள் ஒரு முகக்கண்ணாடியை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் வந்து, பல்லி தினமும் நான்கு கால்களையும் விறைத்து உடலைத் தூக்குகிறது, வாலை மெல்ல மெல்ல ஆட்டுகிறது, பிறகு ஓடிப்போய்க் கண்ணாடியில் முட்டுகிறது என்றார். அது தன் பிம்பத்தை வேறோர் ஆண் என்று எண்ணிப் போருக்கு அழைக்கிறது என்று விளக்கினேன். தன்னையே பகைவனாகக் காண்பவனுக்கு இளைப்பாற இடமே கிடையாது என்ற நீதியையும் இலவசமாகச் சேர்த்தேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்: "ஐயோ மேடம், அவன் எக்சர்சைஸ் பண்றான்னு நெனச்சு நான் டெய்லி வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிட்டிருந்தேன்!"

வால்

ஏழு மாதங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, சுதன் ஒரு மாஜரீன் பெட்டியோடு வந்தார். உள்ளே பஞ்சின்மேல் புட்டுவின் அறுந்த வால் இருந்தது. தொலைபேசியில் படங்களையும் காட்டினார். வயிற்றுப் பக்கத்தை எடுத்த படங்களில், தொடையிடுக்கில் ஆண்பல்லிகளுக்கே உரிய புள்ளிவரிசை தெளிவாகத் தெரிந்தது, இரண்டுமே ஆண். டாக்கோ தொட்டியின் சூடேற்றிய பக்கத்தில், ஒளிந்துகொள்ள வைத்த இரண்டு குகைகளுக்கும் உரிமையாளனாகப் படுத்திருந்தது. குளிர்ந்த மூலையில் ஒட்டிக்கிடந்த புட்டுவின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சிறுத்தைப் பல்லி தன் கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும். நன்றாக உண்டால் புதுவால் முளைக்கும். உண்ணாவிட்டால் உயிர் போய்விடும். புட்டு பத்து நாட்களாக எதுவும் உண்ணவில்லை.

ஏன் இன்னும் பிரிக்கவில்லை என்று பதறினேன். கோபித்துக்கொண்ட இருவரை ஒரே தட்டில் சாப்பிட வைத்தால் மனம் இளகும் என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். அதன்படி பாலா, புழுக்களை ஒரே கிண்ணத்தில் இட்டுத் தொட்டியின் நடுவே வைத்து, இரண்டும் சேர்ந்து வந்து உண்ணும் நாளுக்காகக் காத்திருந்தார். டாக்கோ தினமும் தனியாக வந்து முழுவதையும் உண்டு கொழுத்தது. அன்பர்களே, அந்தச் சிறிய உயிரைப் பட்டினி போட்டது என் சொற்பொழிவு. புட்டுவை இப்போதே இங்கே கொண்டுவாருங்கள் என்றேன். சுதன் பெட்டியை மூடினார்: "வாலை மட்டும்தான் அக்கா, அண்ணை வெளியிலை கொண்டுபோக விட்டவர்."

விசாரணை

மறுநாளே தனித் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு எல்லிங்ஸ்ருட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே சமரசத்துக்கு வந்திருந்தார் சிவபாதம் அண்ணர். பல்லித்தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

"முதல் கடிச்சது ஆர்?" என்றார்.

"டாக்கோ," என்றார் சுதன்.

"முதல் முறைச்சுப் பாத்தது புட்டு," என்றார் பாலா.

"பாத்தால் கடிக்கிறதோ, அண்ணை?"

"குரலை உயர்த்தப்படாது. ரெண்டு பகுதியும் சபைக்கு மரியாதை குடுக்கோணும்," என்றார் சிவபாதம் அண்ணர். பகுதிகளில் ஒன்று தொட்டிக்குள் தோலுரித்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்து நின்று, குற்றம் பல்லிகளுடையதல்ல, என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். தெரிந்த உண்மையை வாடிக்கையாளரின் மனம் கோணாதிருக்க மறைத்தேன். இன்று பிரிக்காவிட்டால் இந்த வாரமே புட்டுவைப் புதைக்க நேரும் என்றேன். சுதனின் மகன் விம்மத் தொடங்கினான். பாலா தலையைக் குனிந்துகொண்டு, பல்லியைப் பிரித்தால் தாங்களும் பிரிந்ததாகிவிடும் என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை. டாக்கோ வாலை ஆட்டியபடி வந்து புட்டுவின் கழுத்தைக் கவ்வியது. பாலாதான் முதலில் தொட்டிக்குள் கையை விட்டார். டாக்கோ புட்டுவை விட்டுவிட்டு அவர் விரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. நான் புட்டுவை அள்ளியெடுத்தேன். காய்ந்த இலையைப்போல் கனமற்றிருந்தது. தேநீரோடு வந்த பாலாவின் மனைவி கலா, தட்டை மேசையில் வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்தார்: "கீழை ஒரு அடுப்பு, மேலை ஒரு அடுப்பு, வாசலிலை ரெண்டு தபால்பெட்டி. அஞ்சு வருசமாப் பிரிஞ்சிருக்கிறபடியால்தானே நாங்கள் சந்தோசமா இருக்கிறம்? பல்லிக்கு மட்டும் என்னத்துக்கு இந்தத் தண்டனை?"

ஒரே மேசை

சபை தேநீரைக் குடித்துவிட்டுக் கலைந்தது. புட்டு தன் புதிய தொட்டியில் முதல் நாள் உறங்கியது. இரண்டாம் நாளும் உறங்கியது. மூன்றாம் நாள் காலையில் சுதன் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒரு புழுவைத் தின்றுவிட்டது என்று சொல்லியபோது, நான் மீன் பிரிவில் நின்று கண்ணீர் விட்டேன். நடந்தவற்றை மாரித்திடம் சொன்னேன். அவர் ஒரு தொட்டிக்கு ஒரு பல்லி என்று பெரிதாக அச்சிட்டு, வாடிக்கையாளருக்கு முதுகு காட்டி என்னை மட்டும் நோக்கும்படி விற்பனை மேசையில் ஒட்டிவைத்தார்.

இரண்டு மாதத்தில் புட்டுவுக்கு முள்ளங்கிபோல் குண்டாக ஒரு வால் முளைத்தது. பார்க்கப் போயிருந்தேன். இரு தொட்டிகளையும் பாலா தம் கையாலேயே ஒரே மேசைமேல் அடுத்தடுத்து வைத்து, ஒன்றையொன்று காணாதபடி நடுவே கடதாசி மட்டையொன்றைச் செருகி, மேசைக்கு ஒரே விரிப்பும் விரித்திருந்தார். விரலில் தழும்போடு பெருமையாகக் காட்டினார்: "கோயில் சனம் வந்து கேட்டால், வீடு ஒண்டு, அறை ரெண்டு எண்டு சொல்லுவன். பொய் இல்லைத்தானே, அக்கா?"

ஒற்றுமையைப் பற்றி நான் இன்றும் சளைக்காமல் பேசித்தான் வருகிறேன், அன்பர்களே. பேசத் தொடங்குமுன் தொட்டிகளை மட்டும் ஒருமுறை எண்ணிக்கொள்கிறேன்.