பின்னுக்கு வராத செவலை

குழந்தைகளே, நோம்பித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து நீங்கள் என்னை விடாமல் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கோயில் வாசலில் யாரோ உங்களைப் பார்த்து, "கவலையோட்டத் தெரியாதவரு பேரப் பசங்களா?" என்று சிரித்தார்களாம். அது நிஜமா என்று பெரியவள் கேட்டாள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். நான் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு மேல் ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நான் அய்யன் என்று எழுதுகிறவர் என் தகப்பனார்; உங்களுக்கு அவர் அப்பாரு, அதாவது தாத்தா. நான் அப்பாரு என்று எழுதுகிறவர் அவருக்குத் தகப்பனார். அவரை உங்களில் யாரும் பார்த்ததில்லை.

கவலை என்பது எருதுகளைக் கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றம். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு தடம் இறங்கும். அதற்கு வாரி என்று பெயர். எருதுகள் வாரியில் இறங்கினால் வடக்கயிறு இழுபட்டுத் தண்ணீர்ச் சால் மேலே வரும். பிறகு அவை திரும்பாமல், அப்படியே பின்பக்கமாக மேடேற வேண்டும். அப்போதுதான் சால் மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கும். சரிவில் இறங்க எந்த மாட்டுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்னுக்கு வரவைப்பதில்தான் ஓட்டுகிறவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சால் ஏறி இறங்கும்போது உருளை கிறீச்சிடுவது ஊர்வரைக்கும் கேட்கும். எந்தத் தோட்டத்தில் யார் இறைக்கிறார்கள் என்று அந்தச் சத்தத்தை வைத்தே பெண்கள் அடுப்படியிலிருந்து சொல்லிவிடுவார்கள்.

எங்கள் கிணற்றில் கவலை ஓட்டியது அப்பாருதான். அய்யன் சின்ன வயதிலேயே பாரவண்டி கட்டிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கும் ஓமலூருக்கும் சரக்கேற்றப் போய்விட்டார். மாதத்தில் பாதி நாள் அவர் வீட்டில் இருக்கமாட்டார். செவலை, மயிலை என்று இரண்டு எருதுகள் கிணற்றுக்கென்றே இருந்தன. "ஓ... வா ராசா, பின்னே வா" என்று அப்பாரு ராகம் இழுத்தால் இரண்டும் புதுப்பெண் மாதிரி அடிமேல் அடி வைத்துப் பின்னுக்கு வரும்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முந்தைய ஒரு மழைக்காலத்தில், அப்பாரு மாட்டுக் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. வைத்தியர் வந்து முட்டையும் உளுந்தமாவும் குழைத்துக் கட்டுப்போட்டார், வலி போய்விட்டது. பயம் போகவில்லை. அதற்கு நாங்களும் காரணம். அவர் எழுந்தால் போதும், "பாத்துங்க, பாத்துங்க" என்று வீடே கூவியது. குளிக்கத் தண்ணீரைக் கட்டிலுக்கே கொண்டுபோனோம். சோற்றையும் அங்கேயே வைத்தோம். தோட்டத்துப் பக்கம் போய்விடுவார் என்று கைத்தடியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார் அய்யன். எல்லாம் அக்கறையில் செய்ததுதான். பார்த்துப் பார்த்து என்று கேட்டே அந்த மனிதர் தரையைத் தவிர வேறெதையும் பார்க்கப் பயந்துபோனார். கை நடுங்க ஆரம்பித்தது. மோர் குடித்தால் பாதி மார்மேல் வழியும். அதனாலேயே மற்றவர்கள் எதிரில் எதுவும் குடிக்கமாட்டேன் என்றார்.

அப்புறம் ஒருநாள் கல்யாணத்துக்கு அழைக்க உறவுக்காரர் ஒருவர் பாக்கு வெற்றிலையோடு வந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பெரியவர் கையில்தான் பாக்கு வைத்து அழைப்பது வழக்கம். வந்தவர் கட்டிலில் படுத்திருந்த அப்பாருவைப் பார்த்தார், ஒரு நொடி தயங்கினார், தட்டத்தை அய்யன் கையில் கொடுத்துவிட்டார். அய்யன் அதைக் கட்டில் பக்கம் நீட்டினார்.

"யாரு வாங்குனா என்னப்பா. வெச்சுக்க" என்றார் அப்பாரு. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்குத் திரும்பியவர்தான். அதற்குப் பிறகு கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் பேச்சில்லை. களி உருண்டையில் கால்வாசி இறங்கும். ஊர்க்காரர்களும் வருவதை விட்டார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடம் வந்து என்ன பேசுவது? அம்மா ஒருநாள் அய்யனிடம், "இப்படியே போனா மாமன் மறுமழை பாக்க மாட்டாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அய்யன் எழுந்து வெளியே போனார். பாரவண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டார், அந்த வாரம் ஓமலூருக்குப் போகவில்லை.

தை பிறந்து மழை நின்றது. மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். அய்யன் எருதுகளை ஓட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனார். நானும் போனேன். எருதுகள் சரிவில் இறங்கின, முதல் சால் வந்தது. அதோடு சரி. செவலை பின்னுக்கு வரவேயில்லை. அய்யன் கத்தினார், நாக்கைச் சொடுக்கினார். அது முன்னுக்கே முண்டியது. அவருடைய வாய் 'பின்னே, பின்னே' என்றது. இடது கையோ செவலையின் வாலடியில் இருந்தது. அங்கே தொட்டால் மாடு முன்னால்தான் போகும் என்று எனக்கே தெரியும். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அய்யன் வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்கய்யா, செவலை பின்னுக்கு வர மாட்டேங்குதுங்க. உங்க கொரலு கேட்டுப் பழகுனது. நீங்க வந்து ஒரு கொரலு குடுத்தீங்கன்னாத்தான் செடி தப்பிக்கும்."

"என்னால முடியாதப்பா."

"நீங்க எந்திரிக்க வேண்டாமுங்க. படுத்துக்கிட்டே குடுங்க."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அய்யன் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார், அம்மா கால்மாட்டைப் பிடித்தாள். கிணற்று மேட்டுக்கு அப்படியே தூக்கிப் போனார்கள். கட்டிலின் கனம்தான், ஆளுக்குக் கனமே இல்லை என்று அம்மா பின்னால் சொல்லுவாள். அப்பாருவின் குரல் முதலில் எழும்பவே இல்லை. இருமிவிட்டு, "வா ராசா" என்றார், யாரோ அடுத்த அறையிலிருந்து பேசுவது போல. செவலை காதை மடக்கியது. பின்னுக்கு வந்தது.

அன்றிலிருந்து தினமும் அதே கூத்துதான். எங்கள் கிணறு சந்தைக்குப் போகிற தடத்தை ஒட்டியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த தோட்டத்துப் பங்காளிப் பெரியப்பன் ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டு கேட்டார்.

"ஏனப்பா, புள்ளகுட்டிக்காரன் ஆயிட்டே. இன்னும் நீ கவலையோட்டறதுக்கு உங்கய்யன் தாலாட்டுப் பாடோணுமா?"

"என்னங்ணா பண்றது. வண்டி மாட்டோட சுத்திச் சுத்தி இது கை மறந்துபோச்சுங்க" என்றார் அய்யன்.

"மாட்டுக்கு மறக்கலியே" என்றார் பெரியப்பன். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைக் கண்டால் பின்பக்கமாக நடந்து காட்டினார்கள். அய்யனோடு சந்தைக்குப் போவதை நான் விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று நடந்துகொண்டிருந்தது, அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அய்யனைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள், வந்த காலோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாருவோடு பேசினார்கள். எள்ளு என்ன விலை, யார் வீட்டில் எருமை ஈன்றது, மழை இனி உண்டா என்று. அவர் பதில் சொன்னார். பிறகு அவராகவே கேட்கத் தொடங்கினார். ஒருநாள் அம்மா தனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று கட்டிலைப் பாதித் தடத்தில் இறக்கிவிட்டாள். மீதித் தூரத்தை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பரண்மேல் இருந்த கைத்தடி எப்படியோ கீழே வந்தது.

அப்படியே நேராகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். மாசிக் கடைசியில், தோட்டத்திலிருந்து திரும்பும்போது வாய்க்காலைத் தாண்டக் கால் எடுத்தவர் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். அடிபடவில்லை. பயத்தில் வேட்டி நனைந்துபோனது. தடத்தில் இரண்டு பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள், அவர்கள் பார்க்காத மாதிரி போனார்கள். மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

"இனி நானு வரலை. ஆளு வெச்சு ஓட்டிக்க" என்று அய்யனிடம் சொல்லிவிட்டார். மறுபடியும் சுவர்ப்பக்கம்.

அய்யன் எருதுகளை ஓட்டிப் போய்க் கவலையில் கட்டினார். கட்டிவிட்டு நின்றார். அவ்வளவுதான். உச்சிவெயிலில் மிளகாய் இலை சுருண்டது. அடுத்த நாளும் எருதுகளைக் கட்டினார், நின்றார். செடி தலை தொங்கிப்போனது. வீட்டில் வருஷத்துக்கு உப்புப் புளி வாங்குவது அந்த மிளகாயை நம்பித்தான். பெரியப்பனுக்கே மனசு கேட்கவில்லை. வந்து, என் பையனை அனுப்பறேன், நாலு சால் இறைக்கட்டும் என்றார். அய்யன் தலையை ஆட்டினார்.

"வேண்டாமுங்ணா. அது வேற கொரலுக்கு வராதுங்க."

அழுதுகொண்டே நான் வீட்டுக்கு ஓடினேன். அப்பாரு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"உருளைச் சத்தம் காணோமே, சாமி?"

"செவலை வர மாட்டேங்குதுங்க அப்பாரு. செடியெல்லாம் காஞ்சுபோச்சுங்க. அய்யன் சும்மா நிக்கறாருங்க."

"நேத்தும் நின்னானா?"

"ஆமாங்க."

சுவரிலிருந்து மெல்லத் திரும்பினார். பிறகு, "வெளுத்த வேட்டி ஒண்ணு எடுத்துட்டு வா சாமி" என்றார்.

அந்த நடையை நான் மறக்கமாட்டேன். வலது கையில் தடி, இடது கை என் தோளில். அந்தக் கையின் நடுக்கம் என் முதுகு முழுவதும் ஓடியது. வாய்க்காலுக்கு வந்ததும் நின்றார். தண்ணீரில்லாத வாய்க்கால்தான், என்னால் ஒரே தாண்டாகத் தாண்ட முடியும். அவர் அதை ஆற்றைப் பார்ப்பது போலப் பார்த்தார். உதடு உலர்ந்திருந்தது. தடியை அந்தப் பக்கம் ஊன்றினார், எடுத்தார், மறுபடி ஊன்றினார். என் தோள் எலும்பு கழன்றுவிடும் போல ஒரு அழுத்து. தாண்டிவிட்டார். தாண்டி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே தனக்குள் சிரித்தார்.

"ஏனுங்கப்பாரு?"

"ஒண்ணுமில்லை சாமி. உங்கய்யனை நெனச்சேன்."

செடி காய்ந்து கிடக்கும்போது இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

கிணற்று மேட்டில் அய்யன் வெயிலில் நின்றபடியே நின்றார். அப்பாரு உட்காரவில்லை. கல்தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாடிய செடியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், "ஓ... வா ராசா, பின்னே வா" என்று எடுத்தார். குரல் நடுங்கியதுதான். ஆனால் அடுத்த தோட்டம்வரைக்கும் கேட்டது. எருதுகள் பின்னுக்கு வந்தன. சால் தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டதும் அய்யன் வடத்தின்மேல் உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சரிவில் இறங்கினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று நினைத்தேன்.

மிளகாயில் பாதி பிழைத்தது. அதற்குப் பிறகு அப்பாரு சில வருஷம் இருந்தார். நடுக்கமும் போகவில்லை, வாய்க்கால் பயமும் போகவில்லை. பயந்துகொண்டேதான் தினமும் தாண்டினார். அடுத்த கல்யாணத்துக்குப் பாக்குத் தட்டம் கிணற்று மேட்டுக்கே வந்தது. இரண்டு கையாலும் வாங்கினார். பாக்கு ஒன்று கீழே உருண்டது. கொடுத்தவரே குனிந்து எடுத்து வைத்தார். ஒரு மார்கழியில், அப்பாரு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து அய்யன் கவலை கட்டிய அன்று, செவலை சொன்ன சொல்லுக்கு வந்தது. ஒரு தடவைகூட முரண்டவில்லை. பெரியப்பன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "பரவால்லையே, ஒருவழியாக் கத்துக்கிட்டியே" என்றார். "ஆமாங்ணா" என்றார் அய்யன். நானும் அவர் அப்போதுதான் கற்றுக்கொண்டார் என்றே நம்பினேன். மீசை முளைத்த பிறகும் நம்பினேன்.

எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருஷம், ஒரு மத்தியானம். அம்மா முறத்தில் புளி போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அய்யனைப் பற்றி ஊர் சொல்வதையே நானும் ஏதோ சிரிப்பாகச் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"எங்கப்பன் எனக்கு மாப்பிள்ளை பாத்தப்போ, எங்க கெணத்துல உங்கய்யனைக் கவலையோட்டச் சொல்லிப் பாத்துட்டுத்தான் பொண்ணுக் குடுத்தாரு. எங்கூர்ல முரட்டு மாடு ரெண்டு. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பின்னுக்கு வந்துச்சு" என்றாள்.

அப்படியானால் அப்பாருவை ஏமாற்றி எழுப்பினாரா என்று மெதுவாகக் கேட்டேன்.

"உங்கய்யன் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு அம்மா குரலைத் தாழ்த்தினாள். "மாமன் போறதுக்கு முந்தி எங்கிட்டச் சொன்னாங்க. 'அம்மிணி, மொத நாளே அவனோட எடது கையைப் பாத்துட்டேன். எம்மவன் எனக்காக ஊரே சிரிக்க நிக்கறான். நானு எந்திரிக்காட்டி அவன் நின்னது வீணாப் போயிருமே'ன்னாங்க. நான் இதை உங்கய்யன்கிட்டச் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே."

அய்யன் இருந்தவரைக்கும் நான் சொல்லவில்லை. ஊரிலும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அம்மா சொன்ன அன்றைக்கு வெளியே வந்து பார்த்தேன். அய்யன் சந்தைக்குப் போய்விட்டு வந்து வேம்படியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கழற்றிப் போட்ட தோல் செருப்பு வாசலில் கிடந்தது. மண் அப்பி, வார் காய்ந்து வெடித்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். குச்சியால் மண்ணைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, விளக்கெண்ணெய் தொட்டு வார் இளகும்வரை தேய்த்தேன். அவர் எழுவதற்கு முன்னால், அவர் கால் படுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன்.