சாவிக்காரர் கேட்காமல் விட்ட வீடு

அவருக்குச் சாவிக்காரர் என்றுதான் பெயர். முப்பது வருடமாக வீட்டுத் தரகு. இடுப்பில் எப்போதும் பத்துப் பதினைந்து சாவிகள் தொங்கும். அத்தனையும் அடுத்தவர் வீட்டுச் சாவி. சொந்த வீட்டுச் சாவி என்று அதில் ஒன்றுகூடக் கிடையாது.

தொழிலில் ஆள் பலே கெட்டிக்காரர். வீடு பார்க்க வருகிறவர்களைக் கூடத்தில் வெளிச்சம் விழும் நேரம் பார்த்துத்தான் வரச் சொல்வார். சுவரில் ஓதம் ஏறியிருந்தால் அந்த இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டே பேசி முடிப்பார். கதவு முனகினால் அதே நேரத்தில் இருமுவார். ஆனால் பொய் சொன்னார் என்று யாரும் அவரை நோக்கி விரல் நீட்ட முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்ல மாட்டார். அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஒன்பது வாடகை வீடு மாறியாயிற்று. இப்போதிருக்கும் வீட்டில் சமையலறைக்கு ஜன்னலே இல்லை. அடுப்பைப் பற்ற வைத்தால் மனைவி இருமத் தொடங்கிவிடுவாள்.

"ஊர்ல எல்லாருக்கும் காத்தோட்டமா வீடு பாத்துக் குடுக்கறீங்க. எனக்கு ஒரு ஜன்னலாவது பாத்துக் குடுங்களேன்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அதனால்தான் அவருக்கு இன்னும் சுருக்கென்று தைக்கும்.

அப்போதுதான் நோய் வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. வீடு காட்டுகிறவனுக்கு அதைவிடக் கஷ்டகாலம் ஏது? இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருவழியாகக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோவில் வீடு காட்டக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் பாதி நேரம் அவர் மூக்குதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு அச்சகக்காரர் தன் பழைய வீட்டை விற்கச் சொல்லிச் சாவியை அனுப்பிவைத்தார். வேறு ஊரில் இருந்தார். அச்சகம் மூடிக்கிடந்தது, பாவம். இரண்டே அறை. சின்ன வீடு. சாவிக்காரர் முதல் தடவை கதவைத் திறந்து உள்ளே போனார், சமையலறைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அடுப்பு மேடைக்கு நேர் எதிரே, சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு ஜன்னல். வெளியே ஒரு மரம். இது அவளுடைய ஜன்னல் என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

விலைதான் கொஞ்சம் எட்டவில்லை. வங்கியில் கணவன் மனைவி இருவர் பெயரிலும் போட்டு வைத்திருந்த பணத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. 'இதை நானே எடுத்துக்கிறேன், கொஞ்சம் குறைச்சுக்குங்க' என்று அச்சகக்காரரிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. தரகனே வாங்க வந்தால் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று நினைத்துவிட மாட்டாரா? அதனால் மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டார். நாலு பேர் பார்த்து வேண்டாம் என்றால் விலை தானாக இறங்கும். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. முடித்த பிறகு கூட்டிக்கொண்டு போய் அந்த ஜன்னல் முன்னால் நிறுத்த வேண்டும் என்று ஆசை.

ஆகவே முப்பது வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். குறையைக் காட்டினார். "இதோ, இங்க ஓதம் பாருங்க. மழை வந்தா இந்த மூலை ஒழுகும். குழாய்ல தண்ணி நூல் மாதிரிதான் வரும்." ஓதத்துக்கு நேரே கைப்பேசியைக் கொண்டுபோய் விரலால் சுரண்டிக்கூடக் காட்டினார். முதலில் பார்த்தவர் ஓடினார். இரண்டாமவர் ஓடினார். மூன்றாமவர் இணைப்பையே துண்டித்துவிட்டார். அச்சகக்காரர் விலையை இறக்கினார். சரியாக அவர்கள் வைத்திருந்த பணத்துக்கே வந்து நின்றது.

"இன்னும் ஒரு டீச்சர் குடும்பம் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நானும் லைன்ல இருக்கேன். அவங்களும் வேண்டாம்னா அப்புறம் பேசலாம்" என்றார் அச்சகக்காரர்.

இன்று கடைசி, நாளை கேட்டுவிடலாம் என்று சாவிக்காரர் உற்சாகமாகிவிட்டார். ஒழுகும் மூலை, உளுத்த வாசல் நிலை, கீச்சிடும் கதவு, ஒன்றையும் விடவில்லை. இருக்கிற குறைதானே என்று அச்சகக்காரரும் குறுக்கிடவில்லை. எல்லாம் முடிந்ததும் அந்த ஆசிரியை சொன்னாள்:

"அண்ணே, போன்லயே பதினோரு வீடு பாத்துட்டோம். எல்லாருமே மாளிகை மாதிரிதான் காட்டுனாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளத உள்ளபடி காட்டறீங்க. இப்ப நேர்ல வந்து பாக்க வழியில்ல, உங்கள நம்பி வாங்கறோம்."

"அப்ப முடிச்சுக்கலாம்!" என்றார் லைனில் இருந்த அச்சகக்காரர், அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சாவிக்காரர் தலையை ஆட்டிவைத்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார், இரண்டு கையாலும்.

மறுநாள் ஆசிரியை அழைத்தாள். "அண்ணே, ஒரு சின்ன உதவி. அடுப்பு மேடை எவ்வளவு உயரம்னு தெரியல. உங்க வீட்டு அம்மாவ அங்க ஒரு நிமிஷம் நிக்க வெச்சுக் காட்டறீங்களா?"

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. முகக்கவசத்தோடு இருவரும் நடந்தே போனார்கள். மனைவி மேடை முன்னால் நின்றாள். அவர் கைப்பேசியைப் பிடித்தார்.

"நல்ல உயரம்மா. நின்னு செஞ்சா இடுப்பு வலிக்காது. காத்து எப்படி வருது தெரியுமா? குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள் மனைவி, கைப்பேசியைப் பார்த்து.

பேச்சு முடிந்ததும் முகக்கவசத்தைக் கழற்றி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இது என்ன விலைக்குப் போச்சு?"

சொன்னார்.

அவள் திரும்பவில்லை. "நம்ம டெபாசிட்டும் அவ்வளவுதானே?"

"ஆமா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். "தெரியும். உனக்காகத்தான் பாத்து வெச்சேன். கேக்கறதுக்குள்ள போயிடுச்சு" என்றார்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. வெளியே மரத்தில் காற்று அடித்தது, அவள் தலைமுடி கலைந்தது, அதை அவள் ஒதுக்கிவிடக்கூட இல்லை.

"அவங்க எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமை."

"அப்ப நாளைக்கும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.