அடைப்பு என்று நினைத்தேன்

"இந்த மாத்திரைய இவங்களுக்கு யாரு எழுதிக் கொடுத்தது?"

போன மாதம் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மா என்னைக் கேட்ட கேள்வி. கட்டிலில் என் மனைவி சரோஜா. தலைக்குள் ரத்தக்கசிவு. டாக்டர் கையில் என் மாத்திரை அட்டை.

"நான்தாம்மா."

"நீங்க டாக்டரா?"

"இல்லைங்க... பாய்லர் ஃபோர்மேன். ரிட்டயர்டு."

என்னை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து நெய்வேலிக்கு வந்து, கான்ட்ராக்ட் கூலியாக அனல்மின் நிலையத்துக்குள் நுழைந்து, பெர்மனென்ட் ஆகி, ஃபோர்மேனாக வெளியே வந்தவன். எந்த வால்வைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெருமைதான். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் இரும்போடு பழகியவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அவனுக்குக் குழாயாகவே தெரியும்.

சில மாதங்களுக்கு முன்னால், புடவை மடித்துக்கொண்டிருந்த சரோஜா சட்டென்று நிறுத்தினாள்.

"இன்னாங்க, இடது கை வெரல்ல எறும்பு ஊர்ற மாரி இருக்குது. அப்படியே மேல ஏறிக்கினு வருது... ஒதடு வரைக்கும்."

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. பிரஷர் பார்த்தோம். நார்மல். சுகரும் இல்லை. பிறகு இன்னொரு நாள் வந்தது. அதேபோல் போனது.

"டாக்டர்கிட்ட காட்டிடலாங்க."

"எதுக்கு? எங்கியோ அடைப்பு, அவ்ளோதான். எனக்கு நெஞ்சுவலி வந்தப்ப கொடுத்தாங்களே, ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை... அதையே நீயும் போடு. நான் குண்டுக்கல்லு மாரி நடந்துகினு இல்ல?"

"ஒங்கள மாரியே நானும் ஆயிட்டா வூடு தாங்காதுங்க" என்று சிரித்துக்கொண்டேதான் வாங்கிப் போட்டாள்.

எங்கள் தெருவில் இது அதிசயமில்லை. எல்லாரும் ரிட்டயர்டு. குழம்புக் கிண்ணம் கைமாறுவதுபோல மாத்திரையும் கைமாறும். மூட்டுவலிக்கு எதிர்வீடு, வாயுவுக்குப் பக்கத்து வீடு. ரத்தத்துக்கு — நான்.

போன மாதம் ஒரு காலையில், தலைவலி என்று எழுந்து நடந்தவள் இடப்பக்கக் கதவில் மோதி விழுந்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "அமிலாய்டுன்னு ஒரு புரதம் ஐயா. வயசானவங்க சில பேருக்கு மூளை ரத்தக்குழாய் சுவர்ல படிஞ்சிடும். சுவர் இத்துப்போயிடும். பிரஷர் நார்மலா இருந்தாலும் கசியும். எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சுன்னீங்களே, அது இதோட எச்சரிக்கையாக்கூட இருந்திருக்கலாம்."

"அப்போ என் மாத்திரையாலதான்..."

"அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வந்த கசிவு நிக்காம பெருசாயிருக்கலாம்."

எனக்குப் புரிந்தது. இதைப் புரிந்துகொள்ள என்னைவிட ஆள் யார்? பாய்லரிலும் இப்படித்தான். உள்ளுக்குள்ளேயே அரித்து டியூப் சன்னமாகும். பிரஷர் மீட்டர் வாயே திறக்காது. திடீரென்று ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். அதனால்தான் பாய்லர் தண்ணீரை எடுத்து லேபில் பார்ப்பார்கள். தண்ணீரில் இரும்பு கூடினால் உள்ளே அரிக்கிறது என்று கெமிஸ்ட் சொல்லிவிடுவார்.

"ஏம்மா, அதே மாரி ரத்தத்த எடுத்துப் பாத்து முன்னாடியே சொல்ல முடியாதா?"

"அதைத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. ரத்தத்துல அந்தப் புரதத்தோட அளவைப் பாத்து, யாருக்கு இந்தக் கோளாறுன்னு கண்டுபிடிக்கப் பாக்குறாங்க. நாங்க சீட்டுல எழுதிக் கொடுக்குற அளவுக்கு இன்னும் வரல. இப்போதைக்கு ஸ்கேன்தான். அதை எப்ப எடுத்திருக்கணும்னா..."

அவர் முடிக்கவில்லை. நானே முடித்துக்கொண்டேன். முதல் தடவை கையில் எறும்பு ஊர்ந்த அன்றைக்கே.

அந்த ரத்தப் பரிசோதனை வரட்டும். நிச்சயம் வரும், நாலு பேரைக் காப்பாற்றும். ஆனால் அன்றைக்கு அது இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? அவளை வீட்டு வாசலைத் தாண்டவிட்டால்தானே ஊசி குத்தி ரத்தம் எடுக்க? பரிசோதனை இல்லாததால் வந்த வினை கொஞ்சம். எல்லாம் தெரிந்தவன் வீட்டில் இருந்ததால் வந்த வினைதான் மிச்சம்.

மறுபடி கசியுமா? கசியலாமாம். எப்போது என்று சொல்ல முடியாதாம். அந்த மாத்திரையை நான் நிறுத்தக் கூடாது. அவள் தொடவே கூடாது. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே உப்பு... ரத்தக்குழாய் மட்டும் அவரவருக்குத் தனி.

சரோஜா வீட்டுக்கு வந்துவிட்டாள். பேச்சு தெளிவு. கேலிக்கும் குறைவில்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை. மூளைதான் அந்தப் பக்கத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை.

நேற்று காலை நான்தான் இட்லி வைத்துக் கொடுத்தேன். தட்டின் வலது பாதியில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாங்க, சட்னியே வைக்கல? ஒரு வேலையும் உருப்படியா தெரியாதா ஒங்களுக்கு?"

இடப்பக்கம் இருந்த சட்னி வலப்பக்கம் வரும்படி தட்டைத் திருப்பி வைத்தேன்.