இடது காலுக்கு அடியில் ஒரு பஸ் டிக்கெட்

கலா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பாடி மேம்பாலத்தின் மேல் இருந்தேன். சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்பது எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அக்கா போட்ட முதல் சட்டம். பாலம் இறங்கி, லாரிகளுக்கு வழிவிட்டு, ஒரு டீக்கடை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்டாண்டு போட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். 'நம்ம கலா அக்கா இல்லப்பா. டெங்கு. இப்பதான் சொன்னாங்க' என்று இருந்தது. அக்கா சொன்ன சட்டத்தைக் கடைப்பிடித்ததால் எனக்கு இன்னும் சில நிமிடங்கள் அவர் உயிரோடு இருந்தார்.

அன்று மாலைக்குள் அந்தப் பழைய வீடியோ மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அக்கா வண்டியோடு கவிழும் வீடியோ. 'கடைசியில அந்த வண்டியே எடுத்துக்கிச்சு' என்று தலைப்பு வேறு. குரூப்பில் இருக்கும் நீங்கள் அவரைத் தெரிந்தவர்கள். வண்டி அவரை எடுக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் தெரியாதவர்கள்தான் அதிகம், அவர்கள் பார்ப்பதெல்லாம் கவிழ்ந்ததை மட்டும்தான். எழுந்ததையும் யாராவது எழுதி வைக்க வேண்டும். அதற்காகத்தான் இது.

'நாலு சக்கரக் கலா' என்ற பக்கத்தை நான் பின்தொடர ஆரம்பித்தது வேலையில்லாமல் வீட்டில் கிடந்த காலத்தில். ஏ.டி.வி. என்றால் என்ன என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. நான்கு தடித்த சக்கரங்கள், பைக் மாதிரி ஹேண்டில்பார், மண்ணிலும் சேற்றிலும் போகும் வண்டி. அதன் மேல் ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து, "நான் கலா, பட்டாபிராம். வாரத்துல ஆறு நாள் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனில சாமான் செக் பண்றேன். ஞாயித்துக்கிழமை என்னையே செக் பண்றேன்" என்றார். அவ்வளவுதான், நான் ரசிகன். நான் இருக்கும் நெமிலிச்சேரியிலிருந்து அவர் ஊர் பக்கம்தான் என்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டி ஓட்டும் இடத்துக்கே போய் நின்றுவிட்டேன். பூந்தமல்லி தாண்டி டில்லி அண்ணன் நடத்தும் மண் டிராக் அது. அதன் பிறகு அக்காவின் வீடியோக்களை எடுப்பது என் வேலையாயிற்று.

விபத்து நடந்தது அந்த டிராக்கின் சரிவு வளைவில். வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் பள்ளம். வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து சி.டி.எச். ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டியவர் அக்கா. வண்டி சாய்ந்தால் கால் தானாகத் தரைக்குப் போகும். நம் எல்லாருக்கும் அப்படித்தான். ஸ்கூட்டரில் அந்தக் கால்தான் நம்மைக் காப்பாற்றும். ஏ.டி.வி.யில் அதே கால்தான் மாட்டிக்கொள்ளும். ஊன்றிய இடது காலின் மேல் பின்சக்கரம் ஏறியது, அவரை இழுத்துத் தள்ளியது, வண்டியும் புரண்டது. கணுக்காலும் தோள் எலும்பும் உடைந்தன. டிராக்கில் இருந்த யாரோ எடுத்த வீடியோ அன்றைக்கே ஊரெல்லாம் ஓடியது. 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்பதுதான் அதில் வந்த கமெண்டுகளிலேயே மரியாதையானது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அக்கா ஸ்கூட்டரைக்கூடத் தொடவில்லை. சாவியைப் பார்த்தாலே கை வேர்க்கிறது என்றார். பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். வீடியோ போடுவதும் நின்றது. அம்பத்தூரில் எனக்கு வேலை கிடைத்த புதிதில் ஒரு மாலை அதே பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். ஜன்னலோர சீட்டில் இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"எப்பக்கா திரும்ப வருவீங்க?"

"வந்துட்டேனே. இதுவும் வண்டிதான். நாலு சக்கரத்துக்கு மேலயே கீது. டிரைவர் சீட்டு மட்டும் கெடைக்கல."

அப்போது அவர் மடியில் இருந்த டிக்கெட், பெண்களுக்குத் தரும் அந்த இலவச டிக்கெட், காற்றில் பறந்து தரையில் விழுந்தது. அக்கா சட்டென்று இடது காலால் மிதித்துப் பிடித்தார். கூட்டத்தில் குனிந்து எடுக்க முடியாது. செக்கிங் வந்தால் காட்ட வேண்டும். அதனால் அப்படியே காலை வைத்துக்கொண்டார். பஸ் பிரேக் போட்டது, பள்ளத்தில் இறங்கியது, ஒரு ஆட்டோவுக்காக ஒடித்துத் திரும்பியது. நாங்கள் பேசிக்கொண்டே வந்தோம். பட்டாபிராம் வந்ததும் அக்கா குனிந்தார். டிக்கெட் அங்கேயே இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு படியருகே சற்று நேரம் நின்றார். "டேய், இவ்ளோ ஆட்டம் ஆடுச்சு, காலு எழும்பவே இல்ல, பாத்தியா?" என்றார். பிறகு கண்டக்டர் திட்டியதும் இறங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா டிராக்குக்கு வந்தார். டில்லி அண்ணன் பார்த்ததும், "இன்னாமா, டீ குடிக்க வந்தியா, உன் வண்டிய வாங்கிக்கினு போய் காயலாங்கடைல போட வந்தியா?" என்று கேட்டார்.

"டிக்கெட் எடுத்துக்கினு வந்துருக்கேன். ஏத்துவியா மாட்டியா?"

முதல் நாள் எஞ்சினையே போடவில்லை. கால் வைக்கும் தட்டில் டிக்கெட்டை வைத்து, அதன் மேல் இடது பூட்ஸை வைத்து உட்கார்ந்தார். நானும் டில்லி அண்ணனும் வண்டியைப் பிடித்து ஆட்டினோம். முதல் ஆட்டத்திலேயே கால் போனது, டிக்கெட் பறந்தது. "டிக்கெட் இல்லாதவங்கல்லாம் எறங்கு" என்று டில்லி அண்ணன் கத்தினார். அக்கா இறங்கி, பொறுக்கிக்கொண்டு வந்து, மறுபடி ஏறினார். பல ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. பிறகு எஞ்சின், பிறகு சமதரையில் நடை வேகம், பிறகு சின்ன மேடு. டிக்கெட் பறந்தால் ரவுண்டு கணக்கில் வராது. மற்றவர்கள் வேகத்துக்காகப் போட்டி போட்ட இடத்தில் அக்கா ஒரு துண்டுக் காகிதத்துக்காகப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

பயம் போய்விட்டதா என்று ஒருமுறை கேட்டேன். டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "எதுக்குடா போவணும்? அதான் காத்து பாக்க சொல்லுது, ஹெல்மெட் பட்டை மாட்ட சொல்லுது. நல்ல வேலைக்காரி. சம்பளம்தான் கேக்காது."

அந்தச் சமயத்தில்தான் நிறைய பேர் பின்தொடரும் ஒரு பையன் வந்து, அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீடியோ எடுக்க வேண்டும் என்றான். போட்டால் பக்கம் எங்கேயோ போய்விடும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. அக்கா வண்டியைத் தட்டிக் காட்டினார். "ஒரு ஆள் உக்கார்ற வண்டி இது, தம்பி. சாய்ஞ்சா நான் நகரணும். நீ பின்னால குந்திக்கினா நான் எங்க நகர்றது?" அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அக்கா சந்தோஷமாகத் தனியாக ஒரு ரவுண்டு போனார்.

சரிவு வளைவை மட்டும் அதுவரை தொடவில்லை. ஒருநாள் காலை, முந்தைய நாள் மழையில் தரை இளகியிருந்தபோது, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பக்கம் திருப்பினார். நான் கேமராவோடு ஓடினேன். வண்டி வளைவில் நுழைந்தது. அதே இடத்தில் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. அக்காவின் இடது முழங்கால் நடுங்கியது கேமராவிலேயே தெரிகிறது, நீங்களும் பார்க்கலாம். கால் எழவில்லை. கட்டைவிரல் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தியது, உடம்பு முழுவதும் மேட்டுப் பக்கம் போனது, வண்டி முனகிக்கொண்டே நிமிர்ந்து வெளியே வந்தது. டில்லி அண்ணனுக்கு விசிலடித்தே வாய் வலித்துப் போனது.

"காட்டுமா டிக்கெட்ட" என்றார்.

அக்கா பூட்ஸைத் தூக்கினார். தட்டில் ஒன்றுமில்லை.

"போச்சா?"

அக்கா குழம்பிப் போய்த் தட்டைத் தடவிப் பார்த்தார், பிறகு பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டார். டிக்கெட் மடிப்புக் கலையாமல் வந்தது. "வைக்கவே மறந்துட்டேன்ணா" என்றார். சொல்லிவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்து சிரித்தார். நானும் டில்லி அண்ணனும் சேற்றைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தோம். மறுநாள் காலை அவர் ஸ்கூட்டரில் வேலைக்குப் போனார்.

சாவு வீட்டில் ஒரு பெரியவர், அந்த வண்டி மேல ஏறினப்பவே நெனச்சேன் என்று ஆரம்பித்தார். அக்காவின் அம்மா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "வண்டி இன்னா பண்ணுச்சு? எம் பொண்ண கொசு கட்ச்சுது. போ, போய் உன் ஊட்டு வாசல்ல தேங்கிக் கீற தண்ணிய கொட்டு." அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் வண்டியைக் குறை சொல்லவில்லை.

காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் கூடினோம். அக்காவின் அம்மாவும் வந்திருந்தார். அக்காவின் கைப்பையிலிருந்த ஒரு டிக்கெட்டை என்னிடம் கொடுத்து, "இத்தினி நாளு படம் புட்ச்சியே, நீ ஒருதபா ஏறுடா" என்றார். ஹெல்மெட் பட்டையை மாட்டினேன். டயரில் காற்று பார்த்தேன். டிக்கெட்டை இடது பூட்ஸுக்கு அடியில் வைத்து நடை வேகத்தில் சமதரையில் கிளம்பினேன். ஒரு சின்னப் பள்ளத்தில் வண்டி சாய்ந்தபோது என் கால் தரையைத் தேடித் துடித்தது. அதை அங்கேயே வைத்தேன்.

திரும்பி வந்ததும் டில்லி அண்ணன் கண்டக்டர் மாதிரி கையை நீட்டினார். "டிக்கெட் கீதா நைனா?"

பூட்ஸைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது லேடீஸ் டிக்கெட்டாச்சே. எறங்கு, எறங்கு."

முதலில் சிரித்தது அம்மாதான்.

அந்த டிக்கெட்டும், சாய்கிறபோது எழாத ஒரு காலும் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை. அன்றைக்கு நான் இறங்கவில்லை. டிக்கெட்டைத் திரும்ப வாங்கி, காலுக்கு அடியில் வைத்து, இன்னொரு ரவுண்டு போனேன்.