பரளச்சிக் களத்துத் தராசும் விசாலாட்சியும்

விசாலாட்சி இறந்துபோன செய்தி வந்தபோது நான் மல்லாங்கிணறு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய தங்கை போனில் சொன்னார்: "அக்கா காலையில போயிருச்சு சார். உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு சொல்லி வச்சிருந்துச்சு." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்காக நின்றேன்.

நம் உழவர் குழுவில் பலருக்கு அவரை 'கம்ப்யூட்டர் அம்மா'வாகத்தான் தெரியும். கோயம்புத்தூரில் நூற்பாலை இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் கம்பெனியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் அருப்புக்கோட்டைக்கே திரும்பியவர். நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. கோபம் வந்தால் கணினியிடமும் தெலுங்கில்தான் பேசுவார். நான் பாலிடெக்னிக்கில் கணிதம் சொல்லிக்கொடுத்தவன். குழுவின் பரளச்சிக் களத்தில் தராசோடு இணைத்து எடை பதியும் கணினியை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டோம். அவர் வேகம், நான் எதையும் மூன்று தரம் பார்ப்பவன். "அண்ணாச்சி வீட்டைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, பூட்டுனோமான்னு பாக்கத் திரும்பிப் போற ஆளு" என்று என் மனைவியிடமே சொல்வார். மனைவி மறுக்கவில்லை.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பரளச்சிக் களத்தில் ஒரு தை மாதத்துப் பகல். பழைய கணினி அடிக்கடி நின்றுபோகிறது, மாற்றிவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னவன் நான். மாற்றியதும் தராசு பேசவில்லை.

தராசு செய்தவர்கள் அதோடு ஒரு லைப்ரரிக் கோப்பு கொடுத்திருந்தார்கள். இயந்திரத்துக்கு மட்டும் புரியும் கோப்பு. நாம் திறந்து படிக்க முடியாது. நாங்கள் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் அதைத் தேடிப் பிடித்து, நினைவகத்தில் ஏற்றி, 'எடை சொல்' என்று கேட்க வேண்டும். புதிய கணினியில் ஸ்கிரிப்ட் ஒரே பதிலைச் சொன்னது: கோப்பைக் காணவில்லை, அல்லது அதற்கு வேண்டிய துணைக் கோப்பு ஒன்றைக் காணவில்லை. கோப்பு என் கண்முன் இருந்தது. பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். வேறெங்கோ நான்தான் பிசகிவிட்டேன் என்று அழித்துத் திரும்பவும் நகலெடுத்தேன்.

வெளியே குதிரைவாலி மூட்டைகள் வெட்டவெளியில் கிடந்தன. எடை போடாத மூட்டை கிட்டங்கிக்குள் போகக் கூடாது என்பது குழுவின் கட்டுப்பாடு. உள்ளே போய்விட்டால் யாருடையது எது என்று தெரியாது. நனைந்தால் தானியம் கறுத்துவிடும். வரிசையில் முதலில் நின்ற முத்திருளு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "சார், பொட்டி பேசுமா பேசாதா? கெழக்க மூடிக்கிட்டு வருது."

விசாலாட்சி வந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்தார். "அண்ணாச்சி, 'அல்லது'க்கு அந்தப் பக்கம் படிச்சீகளா?"

"படிச்சேன். அந்தத் துணைக் கோப்பும் இருக்கும்மா. அது இருக்கிற ஃபோல்டரையும் கணினியின் தேடும் பாதையில் சேர்த்திருக்கேன்."

"நீங்க சேத்திருக்கீக. இந்தப் பைத்தான் இப்ப அங்க போய்த் தேடுறதில்ல. அதையும் புதுசு போட்டோம்ல? பழைய ஆளு ஊரெல்லாம் சுத்தித் தேடுவான். இவன் சொன்ன வீட்டுக்கு மட்டும்தான் போவான்." துணைக் கோப்பு இருந்த ஃபோல்டரை ஸ்கிரிப்டிலேயே ஒரு வரியில் எழுதினார். லைப்ரரி ஏறியது. அதற்கடுத்த வரிகளும் புதிய பைத்தானில் முரண்டு பிடித்தன. ஒவ்வொன்றாகத் திருத்த நேரமில்லை என்று மீதியைப் புதிதாகவே மளமளவென்று தட்டினார். முத்திருளின் மூட்டையைத் தராசில் தூக்கி வைத்தார்கள். திரையில் நாற்பது. களத்தில் ஒரே சிரிப்பும் பேச்சும்.

இரண்டாவது மூட்டைக்கும் நாற்பது. அது கொஞ்சம் சிறிய மூட்டையாக எனக்குத் தோன்றியது. தோன்றியதை எப்படிச் சொல்வது? கணினியை மாற்றச் சொல்லி எல்லோரையும் காக்க வைத்தவன் நான். காற்றில் மண்வாசம் வந்துவிட்டது. அடுத்த மூட்டைக்கு ஆள் குனிந்தபோதுதான், "எடைக்கல்லை ஒரு தரம் வச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

முத்திருளுக்குக் கேட்டுவிட்டது. "கல்லை வச்சு என்ன செய்யப் போறீக? மழை கல்லைப் பாத்து நிக்குமா?"

நான் பின்வாங்கிவிட்டேன். விசாலாட்சி பின்வாங்கவில்லை. "ஏலே, எல்லாரும் கையை எடுங்க. அண்ணாச்சி கேட்டா கல்லு வையுங்க." இருபது கிலோ கல்லை வைத்தார்கள். திரையில் நாற்பது.

ஒரு கணம் திரையைப் பார்த்துவிட்டு அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த லைப்ரரி எடையைத் தசம எண்ணாகத் தரும். அப்படித் தருகிறது என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால், பைத்தான் அதை முழு எண் என்று எடுத்துக்கொண்டு, முழு எண்ணுக்கான இடத்தில் ஏற்கெனவே கிடப்பதை எடுத்துவந்து நீட்டும். சொல்ல வேண்டிய வரி புதிய ஸ்கிரிப்டில் விட்டுப்போயிருந்தது. எழுதினார். கல் இருபது என்றது. முத்திருளின் மூட்டை ஐம்பத்தொன்று என்றது.

"முத்திருளு, பதினோரு கிலோவை மழைக்குப் பயந்து விட்டுட்டுப் போயிருப்பீரு" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னது. பிடிச்சது அண்ணாச்சி. லைப்ரரி கூப்பிட்ட உடனே வந்துருச்சுன்னு சந்தோசத்துல, என்ன கொண்டு வந்திருக்குன்னு நான் பாக்கல" என்றார். முத்திருளு என்னைப் பார்த்து, "அடுத்த மூட்டைக்கும் கல்லு வைக்கணுமா சார்?" என்றார். அதற்கும் சிரித்தார்கள். கடைசிச் சில மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில்தான் எடை ஏறின. தானியம் நனையவில்லை.

அன்று திரும்பும் வழியில், சந்தேகப்பட்டே என் ஆயுள் போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன். "சந்தேகப்படுங்க, அது நல்லதுதான். ஆனா மெதுவாச் சொல்றீக பாருங்க, அதுதான் ஆகாது" என்றார். ஆறுதல் சொல்லும் குரல் இல்லை அது. வேலையில் ஒரு திருத்தம் சொல்வது போலச் சொன்னார்.

கடைசியாகப் பார்த்தபோது படுக்கையில் இருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. உடல்நிலை கேட்கப் போனவனிடம், "தராசு நல்லாப் பேசுதா?" என்று கேட்டார். பேசுகிறது என்றேன். "பாத்தீகளா, இல்ல நினைக்கிறீகளா?" என்றார். பார்த்தேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

அவருடைய வேகமும் துணிச்சலும் எனக்கு வரவில்லை. இந்த வயதில் வரப்போவதும் இல்லை. ஆனால் போன வாரம் களத்தில் எடை ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நிறுத்துங்க" என்றேன். வரிசையின் கடைசியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சோதித்ததில் எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்கு வெட்கமாக இல்லை. விசாலாட்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.